கட்டாமலிருக்கக் காசு!

உழுதவனுக்குக் கூலி உண்டு. நெய்தவனுக்குக் கூலி உண்டு. கல் சுமந்து கட்டடம் எழுப்பியவனுக்குக் கூலி உண்டு. அந்தக் கூலி அரைக் கூலியாகவும் காலங்கடந்த கூலியாகவும் வந்து சேர்வதையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆனால், 'நான் கட்டமாட்டேன்' என்று எழுதிக் கொடுத்ததற்காகவே 9 கோடியே 50 இலட்சம் டாலர் பெற்ற நிறுவனம் ஒன்று உண்டு என்பதை அறிவீர்களா?

கதையன்று, கற்பனையன்று. அமெரிக்காவின் காலிஃபோர்னியா மாநிலத்தில் 2005ஆம் ஆண்டு நடந்தது. சான் சிமியோன் என்னும் கடற்கரை ஊர். அதனைச் சூழ்ந்து மலையும் புல்வெளியுமாக 82,000 ஏக்கர். நிலம் ஹெர்ஸ்ட் நிறுவனத்துக்குரியது. ஏடுகள் பலவற்றை ஆண்டு, அந்த ஏடுகளால் அரசியலையும் ஆட்டிவைக்க முயன்ற வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் என்பாரின் பரம்பரைப் பெருநிலம் அது. குன்றின்மேல் அவர் கட்டிய மாளிகை இன்று அரசின் காட்சியகம். மாளிகையைச் சுற்றியுள்ள நிலமோ குடும்ப நிறுவனத்தின் கையில். அந்த நிலத்தைக் கூறுபோட்டு விற்கமாட்டோம், ஊராக்கமாட்டோம், மேய்ச்சல் நிலமாகவே விட்டுவைப்போம் என்று நிறுவனம் எழுதிக் கொடுத்தது. மாநிலம் 8 கோடி டாலரை ரொக்கமாகவும், 1 கோடியே 50 இலட்சம் டாலரை வரிச் சலுகையாகவும் அளித்தது. நெடுஞ்சாலைக்கு மேற்கே உள்ள கடற்கரையின் பெரும்பகுதி அரசின் கைக்கு வந்தது. மலைப்பக்கத்து நிலம் நிறுவனத்தின் உடைமையாகவே நீடித்தது. அதிலும் 27 வீடுகளும், சான் சிமியோனில் 100 அறைகள் கொண்ட ஒரு விடுதியும் கட்டிக்கொள்ளும் உரிமை ஒதுக்கி வைக்கப்பட்டது.

நிலமும் அவர்களிடம், பணமும் அவர்களிடம்! 'இஃதென்ன வேடிக்கை?' என்று நகைக்கத் தோன்றும். நகைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். அந்த ஏற்பாட்டில் தீமையும் உண்டு; நன்மையும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது நிலத்தைப்பற்றியும் உடைமையைப்பற்றியும் சிந்திக்கும் எவர்க்கும் கடமையாகும்.

முதலில், ஏற்பாடு எத்தகையது என்று பார்ப்போம். நம் ஊர்க் கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்துப் படித்துப் பாருங்கள். நான்கெல்லை சொல்லி, பரப்பு சொல்லி வருகையில், 'மாமூல் வழிநடை பாத்தியம் உட்பட' என்று ஒரு தொடர் தென்படும். அதன் பொருள் என்ன? பட்டா ஒருவன் பெயரில் இருக்கிறது, ஆயினும் அண்டை வயலுக்குப் போகிறவன் அந்த வரப்பின்மேல் நடந்து போகலாம், பட்டாக்காரன் தடுக்கவொண்ணாது. நிலத்தை விற்றாலும் அந்தப் பாத்தியம் நிலத்தோடேயே போகும். புதிதாக வாங்கியவன், 'நான் ஒப்பவில்லையே' என்று சொல்ல இயலாது. ஆங்கிலேயர் இதனை ஈஸ்மெண்ட் என்றனர். 1882ஆம் ஆண்டு இதற்கென ஒரு சட்டமும் இயற்றினர்.

உடைமை என்பது ஒரே கல்லில் செதுக்கிய சிலையன்று, ஒரு விறகுக்கட்டு என்பது அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவனுக்கே சொல்லித்தரும் பாடம். உழும் உரிமை ஒரு குச்சி. மேய்க்கும் உரிமை ஒரு குச்சி. சுரங்கம் தோண்டும் உரிமை ஒரு குச்சி. கூறுபோட்டு விற்கும் உரிமை ஒரு குச்சி. கட்டடம் எழுப்பும் உரிமை ஒரு குச்சி. கட்டு முழுவதையும் விற்காமல், ஒன்றிரண்டு குச்சிகளை மட்டும் உருவிப் பிறரிடம் ஒப்படைக்கலாம். கட்டும் உரிமை என்ற குச்சியை உருவி, அரசிடமோ, நிலங்காக்கும் அறநிறுவனத்திடமோ, என்றென்றைக்குமாக ஒப்படைத்துவிடுவதே அவர்கள் சொல்லும் 'கன்சர்வேசன் ஈஸ்மெண்ட்'. நாம் அதனை நிலக்காப்புப் பாத்தியம் என்போம். பெற்றுக்கொண்டவர் அந்த உரிமையைப் பயன்படுத்துவதில்லை. எவரும் பயன்படுத்தாமல் காவலிருப்பார். ஆண்டுதோறும் நிலத்தைப் பார்வையிடுவார். ஒப்பந்தத்தை மீறி ஒருவன் அடித்தளம் தோண்டினால் வழக்குத் தொடுப்பார்.

இந்த எண்ணம் நேற்று முளைத்ததன்று. 1930களில், மலைமுகட்டில் ஓடும் புளூ ரிட்ஜ் சாலையின் இருமருங்கும் அழகு கெடாமலிருக்க, அந்நாட்டுத் தேசியப் பூங்காத் துறை இத்தகைய பாத்தியங்களை விலைக்கு வாங்கிற்று. 1959இல் வில்லியம் வைட் என்னும் எழுத்தாளர், நகரங்கள் நாட்டுப்புறத்தை விழுங்கிவரும் வேகத்தைக் கண்டு, இதனை விரிவாக எடுத்துரைத்தார். நிலத்தைக் கொடையளித்தால் வரிக்கழிவு உண்டு என்பதுபோல், இந்தக் குச்சியைக் கொடையளித்தாலும் வரிக்கழிவு உண்டு என்று 1976இல் சட்டம் சொல்லிற்று. 1980இல் அது நிலைபெற்றது. ஆங்கிலேயரின் பழைய விதிப்படி, அண்டை நிலத்துக்குப் பயன் இருந்தால்தான் பாத்தியம் செல்லும். அண்டையில் ஓர் அடி நிலமும் இல்லாத அறநிறுவனம் எப்படிப் பாத்தியம் கொள்ளும்? அந்தத் தடையை நீக்க 1981இல் மாதிரிச் சட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. மாநிலங்கள் அதனையோ அதனையொத்த சட்டங்களையோ ஏற்றன. இன்று அந்நாட்டில் 3 கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட தனியார் நிலம் இவ்வகைப் பாத்தியத்தின்கீழ் இருக்கிறது.

இதன் நன்மையைக் காண வேண்டுமானால், சான்ஃபிரான்சிஸ்கோவின் பொன்வாயில் பாலத்தைக் கடந்து வடக்கே செல்லுங்கள். மாரின் மாவட்டம். பால்மாடு வளர்க்கும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் புல்மேடுகள். 1960களில் அங்கே பெருஞ்சாலை வரும், ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குப் புதுநகர் எழும் என்று திட்டம் தீட்டப்பட்டது. நிலவிலை ஏறிற்று. பால் கறந்து வரும் வருமானம் எங்கே, மனை போட்டு விற்றால் வரும் வருமானம் எங்கே? விற்றுவிட்டுப் போவதே விதி என்று பலர் எண்ணினர். மக்கள் எதிர்த்தனர், திட்டம் வீழ்ந்தது. 1970களின் தொடக்கத்தில், 60 ஏக்கருக்கு ஒரு வீட்டுக்குமேல் கூடாது என்று மாவட்ட மன்றம் விதி செய்தது.

விதி செய்தால் போதாதோ? போதாது என்று கண்டவர்கள் இருவர். எல்லன் ஸ்ட்ராஸ், பால்பண்ணை நடத்திய பெண்மணி. ஃபில்லிஸ் ஃபேபர், உயிரியல் அறிந்த பெண்மணி. மன்றத்தின் விதி மன்றத்தின் பெரும்பான்மையில் நிற்கிறது. அடுத்த தேர்தலில் ஓரிரு இடங்கள் கைமாறினால் விதியும் மாறும். 60 ஏக்கர் 10 ஏக்கராகும். 10 ஏக்கர் அரை ஏக்கராகும். மேலும், விதி நிலத்தைத் தடுத்து நிறுத்துமேயன்றி, கடன்பட்ட பண்ணைக்காரன் கையில் ஒரு டாலரையும் வைக்காது. எனவே 1980இல் இருவரும் சேர்ந்து மாரின் வேளாண்நில அறக்கட்டளையைத் தொடங்கினர். வேளாண் நிலத்துக்கென்றே அந்நாட்டில் எழுந்த முதல் அறக்கட்டளை அது. கட்டும் உரிமையை விலை கொடுத்து வாங்குவது. அந்தப் பணத்தைக்கொண்டு பண்ணைக்காரன் கடனை அடைப்பான், தொழுவத்தைச் செப்பனிடுவான், உடன்பிறந்தாரின் பங்கைத் தீர்த்து நிலத்தைக் காப்பாற்றிக்கொள்வான். நிலம் அவனுடையதே, நகரம் அங்கே வராது. இன்று அம்மாவட்டத்தில் 50,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் இவ்வாறு காக்கப்பட்டிருக்கிறது.

அதற்கும் முன்னரே, 1974இல், நியூயார்க் நகரின் கிழக்கே நீண்டு கிடக்கும் தீவில், உருளைக்கிழங்கு வயல்களை வீட்டுமனைகள் விழுங்கிவந்த வேளையில், சஃபோக் மாவட்ட ஆட்சி உழவரின் கட்டும் உரிமையைப் பொதுப்பணத்தால் வாங்கும் திட்டத்தை வகுத்தது. இதனையெல்லாம் நாம் பாராட்டவே வேண்டும். உழவனை நிலத்தில் நிலைக்கச் செய்யும் எந்த ஏற்பாடும் எள்ளி நகையாடத்தக்கதன்று.

எனினும், தோழர்களே, சான் சிமியோனுக்குத் திரும்புங்கள். அங்கே கடன்பட்டவர் யார்? தொழுவத்தைச் செப்பனிடப் பணமின்றித் தவித்தவர் யார்? ஏட்டுலகப் பெருநிறுவனமன்றோ கைநீட்டிப் பணம் பெற்றது!

இன்னுமொன்று கேளுங்கள். அதே நிறுவனம் அதே கடற்கரையில் 650 அறைகளும் கோல்ஃப் மைதானமுமாக ஓர் உல்லாச விடுதி கட்டத் திட்டமிட்டிருந்தது. 1998 சனவரியில், மக்களின் எதிர்ப்புக்கிடையே, மாநிலக் கடற்கரை ஆணையம் அதனை மறுத்துவிட்டது. மறுப்பதற்கு ஆணையம் நிறுவனத்துக்கு ஒரு டாலரும் தரவில்லை. கூட்டத்தில் கை உயர்ந்தது, திட்டம் வீழ்ந்தது. ஏழாண்டு கழித்துப் பொதுமக்களின் கருவூலம் திறந்தது. 9 கோடியே 50 இலட்சம் டாலர் போயிற்று. கையுயர்த்தித் தடுத்ததைக் காசு கொடுத்துத் தடுப்பானேன்?

ஆதரித்தோர்க்கு விடை உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. 'ஆணையம் மறுத்தது ஒரு திட்டத்தை. அடுத்த திட்டம் வரும், அதற்கடுத்ததும் வரும். ஆணையத்தில் இருப்போர் மாறுவர். பாத்தியமோ மாறாது. கட்டும் உரிமையின் சந்தை மதிப்பைவிடக் குறைந்த விலைக்கே அது கிடைத்தது' என்றனர் அவர்கள். மாரின் கதையைக் கேட்ட நாம் இதனை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தச் 'சந்தை மதிப்பு' என்ற சொல்லை மட்டும் சற்றே நிறுத்தி விசாரிக்கத்தான் வேண்டும்.

புல்மேட்டில் கட்டும் உரிமைக்கு விலை எங்கிருந்து வந்தது? புல்லிலிருந்தா? மேயும் மாட்டிலிருந்தா? கடலோரம் நெடுஞ்சாலை போட்டது யார்? மாநிலம். வடக்கேயும் தெற்கேயும் மாநகரங்களை எழுப்பி, விடுமுறைக்கு அங்கே வந்து போகும் கூட்டத்தை உண்டாக்கியவர் யார்? உழைக்கும் மக்கள். நிலக்காரன் உறங்கும் வேளையிலும் நிலவிலை ஏறுகிறது; ஏற்றியது ஊரார் உழைப்பு. இதனை எழுதியவர் வெளிநாட்டுப் புரட்சிக்காரர் அல்லர். அதே காலிஃபோர்னியாவில், சான்ஃபிரான்சிஸ்கோவில் அமர்ந்து, 1879இல் 'முன்னேற்றமும் வறுமையும்' என்ற நூலை வெளியிட்ட ஹென்றி ஜார்ஜ். ஊரார் உண்டாக்கிய மதிப்பை, ஊரார் பணத்தைக்கொண்டே, ஊராருக்கு மீண்டும் விற்பதற்கு என்ன பெயர் வைப்பது? வணிகம் என்பார்கள். நான் மறுக்கவில்லை, ஆனால் அறக்கொடை என்று பெயர் சூட்டும்போதுதான் வாய் திறக்க வேண்டியிருக்கிறது.

'தனியார் உரிமையைப் பணம் தராமல் கட்டுப்படுத்தச் சட்டம் இடந்தருமோ?' என்று கேட்பீர்கள். அமெரிக்க உச்சநீதிமன்றமே இடந்தந்திருக்கிறது. எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்று ஊராட்சி வரையறுப்பது செல்லும் என்று 1926இல் ஒஹையோ மாநிலத்து யூக்லிட் என்னும் சிற்றூரின் வழக்கில் தீர்ப்பளித்தது. நியூயார்க்கின் புகழ்பெற்ற புகைவண்டி நிலையத்தின்மேல் வானளாவும் கோபுரம் எழுப்ப முனைந்தவர்களை நகராட்சி தடுத்தபோது, அந்தத் தடை உடைமையைப் பறித்ததாகாது என்று 1978இல் தீர்ப்பளித்தது. கட்டுப்பாடு அளவு கடந்தால் அது பறிமுதலே, அதற்கு ஈடு தரவேண்டும் என்று 1922இல் சொன்னதும் அந்த நீதிமன்றந்தான். ஆக, எல்லைக்கோடு ஒன்று உண்டு. கோட்டுக்கு இப்பால் இருப்பதைச் சட்டத்தால் காக்கலாம்; அப்பால் இருப்பதை விலை கொடுத்து வாங்கலாம். இப்பால் இருப்பதையும் விலைக்கு வாங்கும் பழக்கம் ஏற்பட்டுவிட்டால் என்னாகும்? சட்டத்தின் கை சூம்பிப் போகும். 'தடுக்க வேண்டுமா? எவ்வளவு தருவீர்?' என்ற கேள்வியே எல்லா நிலக்காரர் வாயிலும் வரும்.

இனி, வரிக்கழிவைப் பாருங்கள். ஒருவரின் நிலம் 10 இலட்சம் டாலர் பெறும் என்று வைத்துக்கொள்வோம். கட்டும் உரிமையைக் கொடையளித்த பின் 4 இலட்சந்தான் பெறும் என்றால், இடையிலுள்ள 6 இலட்சம் கொடையெனக் கருதப்பட்டு, அவருடைய வருமானக் கணக்கில் கழியும். கோடீசுவரருக்கு அது பெருஞ்சலுகை. அவர்தாம் உயர்ந்த விகிதத்தில் வரி கட்டுபவர். பாலைக் கறந்து விற்றுப் பற்றாக்குறையில் வாழும் பண்ணைக்காரருக்கு வரியே சிறிது. கழிப்பதற்கு என்ன இருக்கிறது? ஏழையின் ஏக்கருக்கு எள்ளளவு, செல்வரின் ஏக்கருக்கு மலையளவு என்றால், அது நிலத்தைக் காக்கும் திட்டமா, செல்வத்தைக் காக்கும் திட்டமா?

அந்த வாயிலில்தான் கள்ளரும் புகுந்தனர். ஒரு மதிப்புமில்லாத நிலத்தை மலிவாக வாங்குவது; அதற்குக் கூட்டு நிறுவனம் ஒன்று அமைப்பது; வருமானம் மிகுந்தோர்க்குப் பங்கு விற்பது; 'இங்கே மாளிகைத் தொகுதி எழும், சுரங்கம் தோண்டலாம்' என்று மதிப்பீட்டாளர் ஒருவரைக்கொண்டு வானத்தை முட்டும் விலை எழுதி வாங்குவது; உடனே கட்டும் உரிமையைக் கொடையளித்துவிட்டதாகக் கணக்குக் காட்டுவது. ஒரு டாலர் போட்டவருக்கு இரண்டரை டாலருக்கும் மேற்பட்ட வரிக்கழிவு! அந்நாட்டுச் செனட் சபையின் நிதிக்குழு 2020இல் இதனை ஆராய்ந்து அம்பலப்படுத்திற்று. போட்ட பணத்தைப்போல் இரண்டரை மடங்குக்குமேல் கழிவு கோரினால் செல்லாது என்று 2022 டிசம்பரில் சட்டம் வந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் இத்தொழிலை நடத்திய இருவருக்கு 2024 சனவரியில் 25 ஆண்டும் 23 ஆண்டும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்கள் விற்ற பொய்க் கழிவு 130 கோடி டாலருக்கும் மேல் என்றது அரசுத்தரப்பு.

கவனியுங்கள். பாத்தியப் பத்திரம் மாவட்டப் பதிவகத்தில் எவரும் படிக்கத்தக்கதாய் இருக்கிறது. ஆனால் அதற்காகப் பெற்ற வரிக்கழிவு எவ்வளவு என்பது வரித்துறையின் இரகசியம். பொருளைக் காட்டுவர், விலையைக் காட்டமாட்டார். விலை கொடுத்தவரோ பொதுமக்கள்! இருளில் நடக்கும் வாணிகத்தில் கள்ளர் புகாமல் வேறு யார் புகுவர்?

மற்றொரு குரலும் கேட்கவேண்டும். அது பத்திரத்தில் கையெழுத்திடாதவனின் குரல். கட்டுவது நின்றுவிட்டால் புல்மேடு பிழைக்கும். ஆனால் அந்தப் பண்ணையில் பால் கறக்கும் கூலியாள் எங்கே உறங்குவான்? மாரின் மாவட்டத்தில் வீட்டு வாடகை விண்ணைத் தொடுகிறது. கட்டும் உரிமை போனபின் நிலவிலை குறையும், இளம் உழவன் வாங்கலாம் என்று நம்பினர். வந்து வாங்கியவருள் அழகிய காட்சியும் அமைதியும் நாடிய பணக்காரரும் இருந்தனர். மாடு மேய்ந்த இடம் மாளிகைத் தோட்டமாகிவிடும் அச்சம் எழுந்தது. அதனால் அங்குள்ள அறக்கட்டளையே பிற்காலத்துப் பத்திரங்களில், 'வேளாண்மை நடந்தே தீரவேண்டும்' என்ற கட்டளையைச் சேர்க்கத் தொடங்கியது. பிழையைக் கண்டு திருத்திய பண்பு போற்றத்தக்கது. கட்டாதே என்று சொல்வது எளிது. அங்கே யார் வாழ்வது என்று சொல்வதே கடினம் என்பதை அவர்களே உணர்ந்தனர்.

அவ்வாறெனில் நம் முடிவு என்ன? நிலக்காப்புப் பாத்தியத்தைக் கிழித்தெறிய வேண்டும் என்பதா? அன்று. கருவி நல்லது, பிடித்த கையைப் பாருங்கள் என்பதே என் கருத்து. அதற்கு மூன்று உரைகல் சொல்வேன்.

முதலாவது: சட்டத்தால் தடுக்கத்தக்கதைக் காசால் தடுக்காதே. கடற்கரையை, ஆற்றங்கரையை, வெள்ளம் பாயும் தாழ்நிலத்தைக் காப்பது ஆட்சியின் கடமை. அந்தக் கடமையை விலைக்கு வாங்கும் பண்டமாக்கினால், பணமில்லாத மாவட்டம் பாதுகாப்பில்லாத மாவட்டமாகும்.

இரண்டாவது: பொதுப்பணம் சென்ற இடத்தில் பொதுமக்களின் கண்ணும் செல்லவேண்டும். ரொக்கமாயினும் வரிக்கழிவாயினும் தொகை வெளிவரவேண்டும். மதிப்பிட்டவர் பெயர் வெளிவரவேண்டும். ஆண்டுதோறும் பார்வையிட்ட அறிக்கை வெளிவரவேண்டும். சான் சிமியோன் மலைநிலத்தின் பாத்தியத்துக்குக் காவலர் மாட்டுப்பண்ணையாளரே தொடங்கிய ஓர் அறநிறுவனம். அவர்கள் நேர்மையானவர்களாகவே இருக்கட்டும். நேர்மையாளருக்குக் கணக்குக் காட்டுவதில் கூச்சம் என்ன?

மூன்றாவது: தேவைப்படுவோர்க்கு முதலிடம். செல்வரின் வருமானக் கணக்கில் கழிப்பதைவிட, சஃபோக் மாவட்டம் செய்ததுபோல், உழுகின்றவனிடம் நேரே விலை பேசி வாங்குவது மேல். பத்திரத்தில் வேளாண்மைக்கு உறுதி இருக்கவேண்டும். உழைப்பவன் குடியிருக்க ஒரு மூலைக்கும் இடம் இருக்கவேண்டும்.

தோழர்களே, உடைமை என்பது பிரிக்கமுடியாத புனிதப் பொருள் என்று சொல்லிவந்தவர்கள் யார்? நிலவுடைமையாளர்கள். வரப்பின்மேல் ஒரு சட்டம் கால்வைத்தாலும், 'என் நிலம், என் உரிமை' என்று முழங்கியவர்கள் அவர்கள். அவர்களே இன்று, விலை கிடைக்கும் என்றதும், கட்டைப் பிரித்துக் குச்சி குச்சியாக நீட்டுகிறார்கள். நல்லது, கட்டு பிரியும் என்பதை ஒப்புக்கொண்டார்கள். பிரியுமென்றால், எந்தக் குச்சி அவர்களுடையது, எந்தக் குச்சி தொடக்கமுதல் ஊராருடையது என்று கேட்கும் உரிமையும் ஊராருக்கு உண்டு.

அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுங்கள். கட்டும்போதும் கேளுங்கள்; கட்டாமலிருக்கக் காசு கேட்கும்போதும் கேளுங்கள்.